பட்டம் வாங்கிய பின் நம் பெண்கள் எங்கே போகிறார்கள்?



காலை வேளையில் காத்திவாக்கம் ரயில் நிலைய நடைமேடையில் சற்று நின்று பார்த்தால் நம் உள்ளம் மகிழும். தோளில் பையும் கழுத்தில் கல்லூரி அடையாள அட்டையுமாக நம் வீட்டுப் பெண் பிள்ளைகள் மின்சார ரயிலுக்குக் காத்து நிற்கின்றனர். ஒருத்தி பிராட்வேயில் உள்ள பாரதி மகளிர் கல்லூரிக்குச் செல்கிறாள். இன்னொருத்தி அண்ணா சாலையின் காயிதே மில்லத் அரசு மகளிர் கல்லூரிக்கோ தேனாம்பேட்டையின் நீதியரசர் பஷீர் அகமது சயீத் மகளிர் கல்லூரிக்கோ செல்கிறாள். இவர்களின் பாட்டிமார்களுள் பலர் உயர்நிலைப் பள்ளியின் வாசலைக் கண்டதில்லை. இரண்டே தலைமுறையில் நிகழ்ந்த இம்மாற்றத்திற்காக அல்லாஹ்வுக்கே எல்லாப் புகழும்.

அந்த மகிழ்ச்சியோடு ஒரு கேள்வியையும் நாம் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. இதே பிள்ளைகள் பத்து ஆண்டுகள் கழித்து எங்கே இருப்பார்கள்? இவர்களுள் எத்தனை பேர் கல்லூரி வகுப்பறையில் ஆசிரியராக நிற்பார்கள்? எத்தனை பேர் ஆய்வுக்கூடத்தில் இருப்பார்கள்? எத்தனை பேரின் பட்டச் சான்றிதழ் பீரோவின் மேல்தட்டில், திருமண ஆல்பத்திற்கு அடியில், பத்திரமாக உறங்கிக்கொண்டிருக்கும்?

பெண்ணைப் படிக்க வைப்பதா வேண்டாமா என்ற வாதம் நம் குடும்பங்களில் பெரும்பாலும் முடிந்துவிட்டது. படித்த பெண்ணைக் கல்வித்துறையில் நிலைக்கச் செய்வதா என்ற கேள்வியை நாம் இன்னும் எடுத்துப் பேசவே தொடங்கவில்லை. இக்கட்டுரை அதைப் பற்றியதே.

எங்கே இழக்கிறோம்?

2021-22ஆம் ஆண்டுக்கான அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி நாட்டில் உயர்கல்வி பயில்வோர் 4.33 கோடிப் பேர். அவர்களுள் பெண்கள் 2.07 கோடி. முனைவர் பட்ட ஆய்வில் இருந்த 2.12 லட்சம் பேரில் ஏறத்தாழ 98 ஆயிரம் பேர் பெண்கள். முஸ்லிம் மாணவர்களை மட்டும் எடுத்துக்கொண்டாலும் ஏறக்குறையப் பாதிப்பேர் பெண்களே. ஆகவே வகுப்பறைக்குள் வருவதில் நம் பெண்கள் பின்தங்கவில்லை. ஆனால் உதவிப் பேராசிரியர், இணைப் பேராசிரியர், பேராசிரியர் என்று படி ஏற ஏறப் பெண்களின் எண்ணிக்கை குறைந்துகொண்டே போகிறது. கீழ்ப்படியில் நின்றவர்களை மேற்படியில் காணோம்.

நம் பகுதியில் எங்கும் காணக்கூடிய ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். அத்தா தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். மூத்த மகள் முதுகலையில் முதல் வகுப்பில் தேறுகிறாள். பேராசிரியை ஒருவர், "நெட் தேர்வு எழுது, ஆய்வுக்குப் பதிவு செய்" என்கிறார். வீட்டிலும் சம்மதிக்கின்றனர். அடுத்த ஆண்டு நல்ல சம்பந்தம் வருகிறது. "படிப்பைக் கல்யாணத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று இரு வீட்டாரும் சொல்கின்றனர். யாரும் தடுக்கவில்லை, யாரும் கோபிக்கவும் இல்லை. பிறகு ஒரு குழந்தை, இன்னொரு குழந்தை. நெட் தேர்வுக்கான புத்தகங்கள் தங்கைக்குப் போகின்றன. முப்பத்து இரண்டு வயதில் அவள் அருகிலுள்ள ஒரு பள்ளியில் குறைந்த ஊதியத்தில் பாடம் நடத்துகிறாள், அல்லது அதுவும் இல்லை.

இக்கதையில் வில்லன் என்று எவருமில்லை. அதனால்தான் இதை நாம் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். இருபத்து இரண்டு வயது முதல் முப்பத்தைந்து வயது வரையிலான காலமே ஒரு கல்வியாளர் உருவாகும் காலம். ஆய்வு, தகுதித் தேர்வு, முதல் கட்டுரை, முதல் பணி யாவும் அதற்குள் வருகின்றன. திருமணமும் மகப்பேறும் அதே ஆண்டுகளில்தான் வருகின்றன. ஆணுக்கு இவ்விரண்டும் ஒன்றையொன்று தடுப்பதில்லை. பெண்ணை மட்டும் இரண்டில் ஒன்றை விட்டுவிடச் சொல்லாமல் சொல்கிறோம்.

வடசென்னையின் தூரமும் இதில் சேர்ந்துகொள்கிறது. காத்திவாக்கத்தில் ரயிலேறிக் கடற்கரை நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து பறக்கும் ரயிலில் சேப்பாக்கம் சென்றால்தான் சென்னைப் பல்கலைக்கழகம். நூலகம் வேண்டுமானால் எழும்பூர் கன்னிமாராவுக்கோ கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திற்கோ செல்ல வேண்டும். கைக்குழந்தையை விட்டுவிட்டு வரும் தாய்க்கு ஒவ்வொரு பயணமும் அரைநாள். வீட்டில் உதவ ஒருவர் இருந்தால் இது கடக்கக்கூடிய தூரம். எவரும் இல்லையெனில் அவளால் அதைக் கடக்கவே முடியாது.

மார்க்கம் தடுக்கிறதா?

"பெண்ணுக்குச் செலவுக்குக் கொடுப்பது கணவனின் கடமை. அவள் ஏன் வேலைக்குப் போக வேண்டும்?" என்று நம் பெரியவர்கள் கேட்பதுண்டு. இது நேர்மையான கேள்வி. பராமரிப்புச் செலவு கணவனின் பொறுப்பு என்பதும், மனைவி ஈட்டும் பொருள் அவளுக்கே உரியது என்பதும் மார்க்கம் நமக்கு வகுத்துத் தந்தவை. ஆகவே குடும்பத்தின் பணத் தேவைக்காகப் பெண்ணை வேலைக்கு அனுப்ப வேண்டும் என்று நாம் வாதிடவில்லை. வீட்டிலிருந்து பிள்ளைகளை வளர்ப்பதையே மனமுவந்து தேர்ந்தெடுக்கும் சகோதரியின் பணியை எவரும் குறைத்துப் பேசவும் கூடாது. தேர்ந்தெடுக்கும் வாய்ப்பே கிட்டாதவளைப் பற்றித்தான் இங்கே பேசுகிறோம்.

கற்பித்தல் ஊதியத்திற்கான வேலை மட்டும்தானா? நம் இல்லத்தரசியின் பிரசவத்திற்குப் பெண் மருத்துவர் வேண்டும் என்று தேடி அலைகிறோம். மகள் படிக்கும் கல்லூரியில் பெண் பேராசிரியைகள் இருந்தால் நிம்மதி கொள்கிறோம். அந்த மருத்துவரும் பேராசிரியையும் வேறு யாரோ ஒருவர் வீட்டிலிருந்து வர வேண்டும், நம் வீட்டிலிருந்து வரக்கூடாது என்றால் அது நியாயமாகுமா? சமுதாயத்தில் சிலரேனும் நிறைவேற்றாவிட்டால் அனைவரும் பொறுப்பாளியாகும் ஃபர்ளு கிஃபாயாவைப் பற்றி நாம் அறிவோம். பெண்களுக்குக் கற்பிக்கப் பெண்கள் இருப்பதும் அத்தகைய தேவைகளுள் ஒன்று அல்லவா?

நம் வரலாறும் இதற்குச் சான்று பகர்கிறது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்த நபிமொழிகள் 2,210. மூத்த நபித்தோழர்களும் ஐயம் தீர்க்க அவர்களை நாடினர். ஷிஃபா பின்த் அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களுக்கு எழுதக் கற்றுக்கொடுத்தார்கள். ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டில் கரீமா அல்மர்வஸிய்யா என்னும் அம்மையார் மக்காவில் ஸஹீஹுல் புகாரியைக் கற்பித்தார். பாக்தாதின் பேரறிஞர் கதீப் அல்பக்தாதி அவரிடம் பாடம் கேட்டவர்களுள் ஒருவர். இவர்கள் இளமையில் சில ஆண்டுகள் படித்துவிட்டு நிறுத்திக்கொண்டவர்கள் அல்லர். முதுமை வரை கற்பித்தவர்கள். அவர்களின் அறிவு நம் வரை வந்து சேர்ந்ததற்கு அதுவே காரணம்.

நெடுங்காலப் பயணம்

அண்மைக் காலத்திலும் நமக்கு எடுத்துக்காட்டுகள் உண்டு. செங்கோட்டையில் பிறந்து, திருநெல்வேலி அரசுப் பொறியியல் கல்லூரியில் பயின்ற சகோதரி நிகர் ஷாஜி 1987இல் இஸ்ரோவில் சேர்ந்தார். சூரியனை ஆராயும் ஆதித்யா எல்-1 விண்கலம் 2023 செப்டம்பர் 2 அன்று ஏவப்பட்டபோது அவர் அதன் திட்ட இயக்குநர். அன்று நம் கைப்பேசிகளில் அவர் படத்தைப் பகிர்ந்து பெருமை கொண்டோம். அதற்குப் பின்னால் இருந்த 36 ஆண்டுகளை எத்தனை பேர் எண்ணிப் பார்த்தோம்?

நீதியரசர் பாத்திமா பீவி 1950இல் வழக்கறிஞராகப் பதிவு செய்தார். 1989இல் இந்திய உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியானார். இடையில் 39 ஆண்டுகள். பின்னர் 1997 முதல் 2001 வரை தமிழக ஆளுநராக இருந்தபோது, பல்கலைக்கழகங்களின் வேந்தராகவும் அவர் விளங்கினார். மகளைச் சட்டம் படிக்கும்படி ஊக்குவித்தவர் அவருடைய தந்தை.

இவ்விரு வாழ்க்கைகளிலும் நாம் காண வேண்டியது அவர்கள் பெற்ற பதவியைவிட, பதவிக்கு முந்தைய நெடிய ஆண்டுகளையே. மகளின் பட்டமளிப்பு நாளில் நம் பொறுப்பு முடிந்துவிடுவதில்லை. அவளுடைய பயணம் அன்றுதான் தொடங்குகிறது.

நம் மண்ணுக்கும் இது தேவை

காத்திவாக்கத்தில் வாழும் நமக்கு இதில் தனியொரு காரணமும் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர்க் கழிமுகத்தில் படர்ந்து மீனவர்களின் படகுகளையும் வலைகளையும் கருமையாக்கியது. அதே மாதம் 26ஆம் நாள் நள்ளிரவில் அமோனியா வாயு கசிந்தபோது பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வீடுகளை விட்டு வெளியேறினர். அனல் மின் நிலையச் சாம்பலும் ஆலைப் புகையும் நம் அன்றாட வாழ்வின் பகுதிகள்.

இந்தக் காற்றைப் பற்றியும் நீரைப் பற்றியும் ஆய்வு செய்வோருள் இம்மண்ணில் பிறந்து வளர்ந்த பெண்கள் எத்தனை பேர்? வேதியியலும் உயிரியலும் பொதுச் சுகாதாரமும் படித்த நம் பிள்ளைகள் இங்கேயே இருக்கின்றனர். எந்தத் தெருவில் எந்தக் குழந்தைக்கு மூச்சிரைப்பு என்பது அவர்களுக்குத் தெரியும். இப்பகுதிப் பெண்கள் வெளியாரிடம் தயங்கிச் சொல்லும் நோயை இவர்களிடம் மனம் திறந்து சொல்வார்கள். அத்தகைய ஒருத்தி முனைவர் பட்டம் பெற்று நின்றால் அந்தப் பயன் அவள் குடும்பத்தோடு நிற்காது. நம் தெருக்களில் வாழும் எல்லாச் சமயத்தவருக்கும் அது சென்று சேரும்.

விதிகளை அறிந்திருக்கிறோமா?

கல்வி நிறுவனங்களின் விதிகளில் பெண்களுக்குச் சில வசதிகள் உள்ளன. நம் குடும்பங்கள் பலவற்றுக்கு அவை தெரிவதில்லை.

பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் வெளியிட்ட முனைவர் பட்ட ஒழுங்குமுறையின்படி, ஆய்வு மாணவியர் ஆய்வுக் காலத்தில் மகப்பேறு அல்லது குழந்தைப் பராமரிப்புக்காக 240 நாட்கள் வரை விடுப்பு பெறலாம். ஆய்வை முடிக்க வழக்கமான காலவரம்பு 6 ஆண்டுகள். மறுபதிவின் மூலம் அதை 8 ஆண்டுகளாக்கலாம். பெண்களுக்கு மேலும் 2 ஆண்டுகள் சேர்த்து 10 ஆண்டுகள் வரை இடமுண்டு. திருமணமாகி வேறு ஊருக்குச் செல்லும் பெண், தன் ஆய்வை அங்குள்ள பல்கலைக்கழகத்திற்கு மாற்றிக்கொள்ளவும் விதி வழிவகுக்கிறது. "மாப்பிள்ளை வீடு வெளியூர், அதனால் ஆய்வை விட்டுவிடு" என்று சொல்லுமுன் இதை அறிந்துகொள்வோம்.

உதவிப் பேராசிரியர் தகுதிக்கான நெட் தேர்வுக்கு உச்ச வயது வரம்பு இல்லை. முப்பத்தெட்டு வயதுத் தாயும் எழுதலாம். ஆய்வு உதவித்தொகை பெறுவதற்கான வயது வரம்பு 30. பெண்களுக்கு அதில் 5 ஆண்டுகள் தளர்வு உண்டு. 2023 ஜனவரி முதல் அந்த உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். அறிவியல் துறைகளில் பெண் ஆய்வாளர்களுக்கென மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 'வைஸ்-கிரண்' என்ற பெயரில் தனித் திட்டங்களை நடத்துகிறது. தமிழக அரசின் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கப்பட்டதே நம் வடசென்னையின் பாரதி மகளிர் கல்லூரியில்தான்.

இழந்ததும் உண்டு. சிறுபான்மை ஆய்வு மாணவர்களுக்கு 2009 முதல் உதவி வந்த மௌலானா ஆசாத் தேசிய உதவித்தொகை 2022-23 முதல் புதிதாக வழங்கப்படுவதில்லை. அந்த இடைவெளியால் பாதிக்கப்படுவோருள் வசதியற்ற வீட்டுப் பெண்களே முன்வரிசையில் நிற்கின்றனர். அதை மீண்டும் கேட்பது நம் உரிமை. அதுவரை அவர்களைத் தாங்குவது நம் கடமை.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது நம் வீடு. சம்பந்தம் பேசும்போது மஹரையும் மண்டபத்தையும் பேசுகிறோம். பெண்ணின் ஆய்வையும் அப்போதே வெளிப்படையாகப் பேசுவோம். எத்தனை ஆண்டுகள் ஆகும், வாரத்தில் எத்தனை நாள் பயணம், குழந்தையை யார் பார்த்துக்கொள்வது என்பதை இரு வீட்டாரும் ஒப்புக்கொண்டு எழுதி வைத்துக்கொள்ளலாம். நிகாஹில் ஒப்புக்கொண்ட நிபந்தனைகளே நிறைவேற்றப்படுவதற்கு மிகவும் தகுதியானவை என்ற கருத்தில் நபிமொழி உள்ளதை நாம் அறிவோம். எந்த நிபந்தனை சட்டப்படி எந்த அளவு கட்டுப்படுத்தும் என்பதில் மத்ஹபுகளிடையே வேறுபாடு உண்டு. அதை ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவோம். கொடுத்த வாக்கைக் காப்பது முஃமினின் பண்பு என்பதில் எவருக்கும் வேறுபாடு இல்லை.

கணவன்மார்களே, நபி (ஸல்) அவர்கள் வீட்டில் இருக்கும்போது குடும்பத்தாரின் பணிகளில் உதவியதையும், தம் செருப்பைத் தாமே தைத்துக்கொண்டதையும் குத்பாவில் கேட்டுக் கண் கலங்குகிறோம். வாரத்தில் இரண்டு நாள் குழந்தையை நாம் பார்த்துக்கொண்டு மனைவியை நூலகத்திற்கு அனுப்புவது அந்த சுன்னத்தின் மிக எளிய வடிவம். மாமியார்மார்களே, மருமகளின் குழந்தையை மடியில் வைத்திருந்த அந்த ஆண்டுகள்தாம் அவள் முனைவர் ஆனதற்குக் காரணம் என்று நாளை பேரப்பிள்ளைகள் சொல்வார்கள்.

இரண்டாவது நம் ஜமாஅத். பள்ளிவாசலின் கணக்குப் புத்தகத்தில் பெண்களின் உயர்கல்விக்கென ஒரு தலைப்பைத் திறப்போம். தேர்வுக் கட்டணம், புத்தகம், ரயில் பாஸ், இணைய இணைப்பு என ஒரு மாணவிக்கு ஆகும் ஆண்டுச் செலவு, பல வீடுகளில் வலீமா விருந்தின் ஒரு பந்திக்கு ஆகும் செலவைவிடக் குறைவு. எந்த நிதியை இதற்குப் பயன்படுத்தலாம் என்பதை ஆலிம்கள் வழிகாட்டட்டும். மத்ரஸா கட்டடங்கள் பல, பிள்ளைகள் ஓதி முடித்துச் சென்ற பின் பகலெல்லாம் பூட்டிக் கிடக்கின்றன. ஓர் அறையை மேசை, மின்விசிறி, இணையத்தோடு பெண்கள் படிப்பகமாக்கலாம். அடுத்த அறையில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு மூதாட்டி இருந்தால், சேப்பாக்கம் வரை செல்ல இயலாத நாளிலும் ஒரு தாயின் ஆய்வு ஒரு பக்கமாவது நகரும்.

மூன்றாவது நம் கல்வி நிறுவனங்கள். 1955இல் நீதியரசர் பஷீர் அகமது சயீத் அவர்கள் முஸ்லிம் பெண்களும் பிற பெண்களும் படிக்கவென மகளிர் கல்லூரியைத் தொடங்கியபோது, அது காலத்தை முந்திய செயல். அந்தத் துணிவை இன்று நாம் வேறிடத்தில் காட்ட வேண்டும். சமுதாயத்தின் பெயரால் நடக்கும் ஒவ்வொரு நிறுவனமும் தன்னைத்தானே சில கேள்விகள் கேட்கட்டும். ஒரே பணிக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே ஊதியமா? மகப்பேறு விடுப்பு முடிந்து திரும்பும் ஆசிரியைக்கு அதே இடம் காத்திருக்கிறதா? குழந்தைகள் காப்பகம் உண்டா? பதவி உயர்வுக்கான அளவுகோல் எழுத்தில் உள்ளதா? நிர்வாகக் குழுவில் பெண்கள் எத்தனை பேர்? பெண்களுக்காகவே நடக்கும் கல்லூரியின் முடிவுகளை ஆண்கள் மட்டுமே எடுத்தால் அதற்கு நாம் என்ன விளக்கம் சொல்வோம்? சலுகை கேட்பதாக இதை எண்ண வேண்டாம். அமானிதத்தை உரியவரிடம் ஒப்படைப்பது பற்றியும் நீதி செலுத்துவது பற்றியும் இறைமறை நமக்கு இட்ட கட்டளையின் கீழ்தான் இதுவும் வருகிறது.

இக்கட்டுரையைப் படித்து முடித்ததும் ஒரு சிறு செயலைச் செய்வோம். நம் குடும்பத்தில், நம் தெருவில், முதுகலை முடித்துவிட்டுப் படிப்பைப் பாதியில் நிறுத்திய ஒரு சகோதரி நிச்சயம் இருப்பார். அவரிடம் சென்று, "மீண்டும் தொடங்க என்ன தேவைப்படுகிறது?" என்று கேட்போம். புத்தகம் என்பார், அல்லது வாரத்தில் இரண்டு பகல்கள் என்பார், அல்லது கணவரிடம் ஒரு வார்த்தை பேசச் சொல்வார். பெரும்பாலும் நம்மால் இயன்றதையே கேட்பார். இதுவரை நாம் கேட்கவில்லை என்பதுதான் குறை.

காத்திவாக்கம் நடைமேடையில் நாளைக் காலையும் நம் பெண் பிள்ளைகள் நிற்பார்கள். அவர்கள் ஏறும் ரயிலில், கல்லூரியில் பாடம் நடத்தச் செல்லும் அவர்களின் அக்காமார்களும் சிற்றன்னைமார்களும் அமர்ந்திருக்கும் நாளை வல்ல நாயன் நமக்குக் காட்டுவானாக. கற்ற கல்வியைப் பயனுள்ளதாக ஆக்கி, அதற்குத் துணை நின்ற பெற்றோருக்கும் கணவன்மார்களுக்கும் நிறைந்த நற்கூலியைத் தருவானாக. ஆமீன்.